மங்காத முகம்

பிழைப்பின் பொருட்டு வடக்கே வந்து நிலைத்துவிட்ட நம்மைப் போன்ற குடும்பங்களில் நிழற்படத்திற்குத் தனியானதொரு மதிப்பு உண்டு. ஊரில் வாழ்வோர்க்குப் பெற்றோரின் முகத்தை நாள்தோறும் காணும் பேறு வாய்த்திருக்கிறது. நமக்கோ, கோடை விடுமுறையில் கிடைக்கும் சில நாள்களே சொந்தம். அந்நாள்களில் எடுத்த படங்களே எஞ்சிய காலத்திற்குத் துணை. பெரியவர் ஒருவர் மறைந்தபின் சுவரில் மாட்டுவதற்குப் படம் தேடும் போதுதான் ஓர் உண்மை புலப்படுகிறது. படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பெரிதாக்கினால் கண்ணும் புருவமும் தெளிவாகத் துலங்கும் படம் ஒன்றேனும் இராது. பழகிய இல்லங்கள் இரண்டில் இத்துயரை நேரில் கண்டிருக்கிறேன்.

ஆகவே, சிறுகச் சேர்த்துச் சென்ற ஆண்டு ஒரு டிஜிட்டல் காமிரா வாங்கியபோது, அதன் கையேட்டை முழுவதும் படித்த பின்னரே பொத்தானில் விரல் வைப்பது என்று முடிவு செய்தேன். கோப்பை முற்றும் படிக்காமல் குறிப்பெழுதலாகாது என்பது அரசு அலுவலகம் கற்றுத் தரும் முதற்பாடம் அன்றோ?

படம் ஏன் மங்குகிறது? 1838ஆம் ஆண்டு பாரிஸ் நகரத் தெரு ஒன்றை லூயி தாகேர் படமெடுத்தார். வண்டிகளும் மக்களும் நிறைந்த தெரு அது. ஆயினும் ஒளி பதியச் சில நிமிடங்கள் தேவைப்பட்டமையால், நடமாடியோர் எவரும் படத்தில் தங்கவில்லை; காலணிக்கு மெருகு போடுவித்துக்கொண்டு ஓரிடத்தில் நின்ற மனிதர் தெரிகிறார். கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. அந்த விதி மட்டும் மாறவில்லை. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் எது அசைந்தாலும் அது மங்கும்.

மங்கலில் மூவகை உண்டு. முகம் தெளிவின்றிப் பின்னால் உள்ள சுவர் தெளிவாக இருப்பின், குவியம் தவறியது என்று பொருள். படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருப்பின், அசைந்தது கை. சுற்றுப்புறம் தெளிவாக இருக்க ஆள் மட்டும் கலைந்திருப்பின், அசைந்தவர் அவரே. நோயை அறிந்துவிட்டால் மருந்து எளிது.

குவியத்திற்குப் பொத்தானைப் பாதி அழுத்தி நிறுத்த வேண்டும். காமிரா தொலைவை அளந்து பச்சைக் கட்டம் காட்டிய பிறகே மீதியை அழுத்த வேண்டும். வெறும் வெள்ளைச் சுவரிலோ வேட்டியிலோ கருவி தடுமாறும். கண், சேலைக்கரை போன்று ஒளியும் நிழலும் சந்திக்கும் இடத்தையே அது எளிதில் பற்றும்.

கைக்கு: முழங்கைகளை விலாவோடு சேர்த்துத் தூணில் சாய்ந்து, மூச்சை மெல்ல விட்டு அழுத்துக. ஸூம் செய்தால் தொலைவில் உள்ளது மட்டுமன்றிக் கையின் நடுக்கமும் பெரிதாகும். 50 மில்லிமீட்டர் லென்சுக்கு 1/50 விநாடி, 200 மில்லிமீட்டருக்கு 1/200 விநாடி. அதனினும் மெதுவாக வேண்டாம் என்பது பழைய கணக்கு. இன்றைய காமிராக்களில் நடுக்கம் தாங்கும் அமைப்பு உண்டு. அது நம் கையைத் தாங்குமேயன்றி, ஓடும் குழந்தையை நிறுத்தாது. அதற்கு 1/500 விநாடியாவது வேண்டும்.

நவராத்திரியில் இவ்வேறுபாடு நன்கு விளங்கும். கொலுப் பொம்மைகள் அசைவதில்லை. காமிராவை முக்காலியின் மேல் வைத்து, இரண்டு விநாடி டைமரை இயக்கிவிட்டால், விளக்கொளியிலேயே படம் தெளிவாக அமையும். கொலுவின் முன் பாடும் சிறுமிக்கு அது உதவாது; அங்கே ஐ.எஸ்.ஓ. எண்ணை 1600 அளவிற்கு உயர்த்த வேண்டும். படத்தில் சிறிது மணல்போல் புள்ளிகள் தோன்றும். தோன்றட்டும்! புள்ளி விழுந்த முகத்தை அடையாளம் காணலாம். கலைந்த முகத்தைக் காண இயலாது.

கடந்த மே மாதம் ஊரில், காலை வெளிச்சத்தில் திண்ணையில் அமர்ந்து அன்னையார் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார். “இந்தக் கிழவியைப் படம் பிடிச்சு என்னடா பண்ணப் போறே?” என்று கேட்டாரேயொழிய, கை நிற்கவில்லை. கண்ணில் குவியம் வைத்து, 1/250 விநாடியில் ஒரு படம் எடுத்தேன். நெற்றிச் சுருக்கம், தோட்டின் கல், விரலிடையே நார் எல்லாம் நின்றன. பின்னர்த் தூணில் சாய்ந்துகொண்டு, 1/30 விநாடியில் இன்னொன்று எடுத்தேன். அதில் முகம் தெளிவாக இருக்கிறது. விரல்கள் மட்டும் புகைபோல் கலைந்திருக்கின்றன. எண்பது வயதிலும் ஓயாத அக்கைகளை இரண்டாம் படமே உள்ளபடி காட்டுகிறது. மங்கலைத் தவிர்க்கப் பழகியவனுக்கே, அதை வேண்டிய இடத்தில் விட்டுவைக்கவும் கைவரும் போலும்.

அன்பர்களே, ஊருக்குப் புறப்படும் முன் வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். அங்கே படமெடுத்ததும் திரையில் பெரிதாக்கிக் கண்களைப் பாருங்கள். தெளிவில்லையெனில் மீண்டும் எடுங்கள். அவர் இன்னும் எதிரேதானே அமர்ந்திருக்கிறார்!