பயத்தின் வேர்

மலைநாட்டுத் தோட்டப் பாடசாலையொன்றில் நாம் ஆசிரியராகக் கடமையாற்றிய காலத்தில், நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. ஒரு வாரமாகக் கன்னத்தைக் கையால் தாங்கியபடியே வகுப்பில் அமர்ந்திருந்தாள். வாயைத் திறக்கச் சொன்னோம். கடைவாய்ப் பல்லொன்று சொத்தையாகிக் கறுத்திருந்தது. "டவுன் பள்ளிக்கூடத்தில பல்லுக்கு வைத்தியம் செய்றாங்க, நாளைக்குப் போவோமா?" என்று நாம் கேட்டதுதான் தாமதம், அவள் கண்கள் குளமாயின. "வேணாங்க சேர், இப்ப நோவல" என்றாள். மறுநாள் பாடசாலைக்கே வரவில்லை.

கோழைத்தனம் என்றே முதலில் எண்ணினோம். மாலையில் லயத்துக்குச் சென்று அவள் தாயைக் கண்டதும் அவ்வெண்ணத்துக்காக வெட்கினோம். கொழுந்தெடுத்துத் திரும்பியிருந்த அத்தாய்க்கு 35 வயதுக்கு மேலிராது. முன்பற்கள் இரண்டு இல்லை. எஞ்சியவற்றிற் சில ஆடின. ஈறு வீங்கிச் சிவந்திருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போனா புடுங்கத்தானே போறாங்க, சேர்? அன்னைக்குப் பேரும் போயிரும். தானா விழுகிறப்ப விழட்டும்" என்றாள்.

நோவு தாங்கமாட்டாத எல்லை வரும்வரை வைத்தியரிடம் செல்ல நாட்கூலி இடந்தராது. அவ்வெல்லையிற் செல்பவருக்குப் பிடுங்குவதன்றி வேறு வைத்தியமும் பெரும்பாலும் இராது. வாயிற் பஞ்சைக் கடித்துக்கொண்டு திரும்பும் பெரியவர்களையே கண்டு வளர்ந்த பிள்ளை வேறு எதனைக் கற்கும்? அவளுடைய பயம் குணத்தின் குறையன்று. வாழ்க்கை புகட்டிய பாடம்.

அத்தாயின் வாய் விஞ்ஞானத்துக்குப் புதியதுமன்று. ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டறிஞர் டென்மார்க்கில் நடத்திய ஒரு சோதனையை 1965 இல் வெளியிட்டார். நலமான ஈறுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழன்றது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஆறியது. பல்லிற் படியும் நுண்ணுயிர்ப் படலமே காரணம் என்பது தெளிவாயிற்று.

அவரும் அவர் குழுவினரும் 1970 இல் எமது தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து, 480 ஆண் தொழிலாளரின் ஈறுகளை 15 ஆண்டுகள் அளந்தனர். முடிவு 1986 இல் வெளியாயிற்று. பற்சொத்தை அவர்களிடம் ஏறக்குறைய இருக்கவேயில்லை. ஆயினும் நூற்றுக்கு 8 பேரிடம் ஈறுநோய் விரைந்து முற்றி, 45 வயதளவில் பற்கள் அனைத்தையும் கொண்டுபோயிற்று. 81 பேரிடம் அது மெல்ல முன்னேறியது. 11 பேரிடம் மாத்திரமே ஈறு அழற்சியோடு நின்றது. ஈறுநோயின் 'இயற்கை வரலாறு' என்று அவ்வாய்வுக்குப் பெயரிட்டனர். பல் துலக்கும் வழக்கமும் பல் வைத்தியமும் எட்டாத மக்களிடமன்றோ அவ்வரலாற்றைக் காணமுடியும்! நோய் இயற்கையாயிருக்கலாம். 1948 இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய மக்களுக்கு வைத்தியம் எட்டாமற்போனது இயற்கையா?

மூன்றாம் நாள் தாயையும் மகளையும் நாமே அழைத்துச் சென்றோம். அங்கே பணிபுரிந்தவர் பாடசாலைப் பற்சிகிச்சையாளர். பிள்ளைகளின் பல்லைப் பேணுவதற்கெனவே பெண்களைப் பயிற்றும் இம்முறையை நியூசிலாந்து 1921 இல் தொடக்கியது. கொழும்புத் திட்டத்தின் வழியே அது மகரகமைக்கு வந்தது. முதல்நாள் அவர் சிறுமியின் பல்லைத் தொடவேயில்லை. சிறு கண்ணாடியை அவள் கையிற் கொடுத்தார். சுழலும் கருவியை அவள் நகத்தில் மெல்லத் தொட்டுக் காட்டினார். "நொந்தா கையைத் தூக்குங்க மகள், நிப்பாட்டிருவேன்" என்றார். இரண்டாம் முறை வேலையின் நடுவே அவள் கையைத் தூக்கினாள்; அவர் நிறுத்தினார். அந்த வாக்குறுதி காப்பாற்றப்பட்ட பின்னரே அவள் முகம் தெளிந்தது. பல் அடைக்கப்பட்டது, பிடுங்கப்படவில்லை.

வாசலில் நின்று பார்த்திருந்த தாய், "எனக்கும் பாப்பாங்களா, சேர்?" என்று கேட்டாள். 3 வயது முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே அச்சேவை. ஆகவே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆடிய பற்களில் இரண்டைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றவற்றில் உறைந்த காரையைச் சுரண்டி எடுத்தனர். இரத்தம் வருகிறதென்று துலக்காமல் விடுவதே தவறு, மென்மையாகத் தினமும் துலக்கவேண்டும் என்று சொல்லித்தந்தனர். கரைந்த எலும்பு மீளாது, எஞ்சியதைக் காக்கலாம். இதற்காக அவள் இழந்தது மூன்று நாட் பேர்.

ஆசிரிய நண்பர்களே, "குழப்படி செய்தால் பல் டாக்டரிடம் கொண்டுபோவேன்" என்று பிள்ளைகளை மிரட்டுவதை முதலில் நாம் கைவிடுவோம். ஆனால் அத்துடன் எமது கடமை தீராது. தாய் இழந்த அம்மூன்று நாட் கூலிக்கு யார் பொறுப்பு என்னும் கேள்வியைத் தோட்ட நிர்வாகத்திடமும் அரசாங்கத்திடமும் நாம் எழுப்பவேண்டும். கூலி இழக்காமல் வைத்தியம் பெறும் உரிமை இல்லாத இடத்தில் இனிய சொல் மாத்திரம் பயத்தைப் போக்காது.

அடுத்த திங்கட்கிழமை அச்சிறுமி தன் தம்பியைக் கையிற் பிடித்துக்கொண்டு எம் முன் வந்து நின்றாள். "இவனுக்கும் பல்லு நோவுது சேர். நான் கூட வர்றேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள்.