கோவளம் அலை: வானத்தை மட்டும் நம்பாதீங்க!

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போனால் சுமார் ஒரு மணி நேரத்தில் கோவளம். அங்கே மீனவ இளைஞர்களே சர்ஃபிங் கற்றுத் தருகிறார்கள். கரை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைச் சுற்றி அலை வரிசையாக உடைவதால், பலகையில் நீண்ட தூரம் சறுக்கலாம்.

விடியற்காலையே நல்ல நேரம். நிலக்காற்றில் அலை சீராக வரும். பகலில் கடற்காற்று எழுந்தால் கலைந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். கடல் சீறும், புதியவர்கள் தவிர்ப்பது நல்லது.

வானம் வெளுத்திருந்தாலும், எங்கோ தெற்கே வீசிய புயல் ‘கள்ளக்கடல்’ பேரலையை இங்கே அனுப்பலாம். ஆகவே, ஹைதராபாத் ‘இன்காய்ஸ்’ மையத்தின் அலை எச்சரிக்கையைப் போனில் பாருங்கள். கரையில் இருக்கும் மீனவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் ‘வேண்டாம்’ என்றால், சுடச்சுட மீன் வறுவலோடு திரும்பிவிடுங்கள்!