ஊவாவுக்கு ஓர் அணி இருந்தது

கிரிக்கெட் இரசிகனுக்கு ஆண்டின் மிகச் சிறந்த காலம், சுற்றுப்போட்டி தொடங்குவதற்கு முந்திய இரண்டு வாரங்கள்தான் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். அந்த இரண்டு வாரங்களில் எந்த அணியும் தோற்பதில்லை. பிடிகள் தவறவிடப்படுவதில்லை. தெரிவுக்குழுவினர்கூட ஓரளவு நல்லவர்களாகவே தோன்றுவார்கள். பத்திரிகைக் காரியாலயங்களில் விளையாட்டுப் பக்கத்தைத் தயாரிப்பவர்கள் இதை நன்கறிவார்கள். போட்டிக்கு முன்னர் எழுதப்படும் எதிர்வுகூறல்களை வாசகர்கள் வாசிக்கும் ஆர்வத்துடன், தோல்விக்குப் பின்னர் எழுதப்படும் ஆய்வுகளை வாசிப்பதில்லை.

ஊவா மாகாணச் செய்திகளுக்காகப் பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை என்று பல ஆண்டுகள் அலைந்தவன் நான். அரசியற் கூட்டம், சம்பளப் போராட்டம், மண்சரிவு என்று எதற்காகச் சென்றாலும், மாலையில் ஏதாவதொரு தோட்டத்தின் பெரட்டுக்களத்தில் இளைஞர்கள் மென்பந்து கிரிக்கெட் ஆடுவதைக் காணாமல் திரும்பியதில்லை. காலையில் தொழிலாளர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கப்படும் அதே சமதரைதான் மாலையில் மைதானம். சரிவான தேயிலை மலைகளுக்கு நடுவே அதைவிட்டால் தட்டையான நிலம் வேறில்லை. ஆகவே அங்குள்ள விதிகளும் வேறு. பள்ளத்துப் பக்கம் உயர்த்தி அடித்தால் ஆறு ஓட்டங்கள் அல்ல, ஆட்டமிழப்பு. பந்தைத் தேடி எடுத்துவரப் பதினைந்து நிமிடங்கள் ஆகும் என்பதே காரணம். தேயிலைச் செடிகளுக்குள் பந்து தொலைந்தால் அடித்தவன்தான் புதுப்பந்து வாங்கித் தரவேண்டும்.

இந்த இளைஞர்களுக்கு 2012ஆம் ஆண்டு ஓர் அணி கிடைத்தது. பலர் இன்று அதை மறந்திருக்கலாம். இந்தியாவின் ஐ.பி.எல். போட்டியைப் பின்பற்றி, இலங்கை பிரீமியர் லீக் என்னும் இருபது ஓவர் சுற்றுப்போட்டியை இலங்கை கிரிக்கெட் நிறுவனம் திட்டமிட்டது. 2011இல் நடந்திருக்க வேண்டிய அந்தப் போட்டி, தன் வீரர்களை அனுப்ப இந்தியக் கிரிக்கெட் சபை இணங்காததையடுத்து ஓராண்டு தள்ளிப்போனது. 2012 ஓகஸ்டில் ஒருவாறு ஆரம்பமாயிற்று. மாகாணங்களின் பெயரால் ஏழு அணிகள். அவற்றில் ஒன்று ‘ஊவா நெக்ஸ்ட்’.

வறிய மாகாணங்களுள் ஒன்றென்று எப்போதும் பட்டியலிடப்படும் ஊவாவின் பெயர் கிறிஸ் கெயில், முரளிதரன், மஹேல ஆகியோரின் பெயர்களோடு சேர்த்து உச்சரிக்கப்பட்டது ஒரு புதுமைதான். போட்டி தொடங்குமுன் பதுளைப் பேருந்து நிலையத்தருகே ஒரு தேநீர்க் கடையில் சில இளைஞர்களைச் சந்தித்தேன். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர்கள். நகரத்துக் கடைகளில் வேலை செய்பவர்கள். அவர்களுள் ஒருவன் கேட்டான்:

“சேர், நம்ம ஊவாவுக்கும் டீம் வந்திருச்சு. ஒரு மெட்சாவது பதுளையில வைப்பாங்கதானே?”

அன்று அவர்கள் கூறியவற்றைத் தொகுத்தால் எதிர்பார்ப்புகள் மூன்று. வின்சன்ட் டயஸ் மைதானத்தில் ஒரேயொரு போட்டி. தோட்டப் பாடசாலையொன்றில் படித்த ஒரு பையனுக்குப் பயிற்சி அணியிலாவது ஓர் இடம். அணியின் சட்டை பதுளைக் கடையில் வாங்கக்கூடிய விலையில் கிடைக்க வேண்டும். கிண்ணத்தை வெல்ல வேண்டும் என்று அவர்களில் எவரும் கேட்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தோற்றாலும் பரவாயில்லை, நம்முடையதாக இருந்தால் போதும் என்பதே அந்த எதிர்பார்ப்பின் சாரம்.

நடந்தது இதற்கு நேர்மாறு. ஊவா நெக்ஸ்ட் கிண்ணத்தை வென்றது. 2012 ஓகஸ்ட் 31ஆம் திகதி கொழும்பு பிரேமதாச அரங்கில், மழை குறுக்கிட்ட இறுதிப் போட்டியில், நாகெனஹிர நாகாஸ் அணியைத் தோற்கடித்து அது சம்பியனானது. ஒக்டோபரில் தென்னாபிரிக்காவில் நடைபெற்ற சம்பியன்ஸ் லீக் போட்டிக்கும் சென்று, தகுதிச் சுற்றில் இங்கிலாந்தின் யோர்க்ஷயர் அணியிடம் தோற்று, பிரதான சுற்றுக்குள் நுழையாமலே திரும்பியது. ஆனால் அந்த அணி ஊவாவில் ஒரு பந்தும் வீசவில்லை. சுற்றுப்போட்டி முழுவதும் கொழும்பிலும் பல்லேகலையிலும் மட்டுமே நடைபெற்றது. ஏழு அணிகளின் உரிமையையும் வாங்கியவை இந்திய நிறுவனங்கள். வீரர்கள் பிறந்த மாகாணத்தைப் பார்த்துத் தெரிவு செய்யப்பட்டவர்களும் அல்லர்.

வெற்றிச் செய்தி வந்த வாரத்தில், தோட்டத்தில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் இதுபற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அவர் சிரித்தவாறே சொன்னார்: “பேரு நம்ம பேருதான் தம்பி. பேருக்குக் காசு யாருக்குப் போகுது?”

தோட்டத்து வழக்கை அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம். தோட்டங்களில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. குறித்த அளவு கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாட் சம்பளம். பெரியவர் அந்தப் பொருளையும் சேர்த்தே சொன்னார். அந்த ஒற்றைச் சொல்லின் பின்னால் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது.

ஊவா என்னும் பெயர் உலகெங்கும் விற்பனையாவது புதிதன்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றில், கிழக்குச் சரிவுத் தேயிலைக்கு ஒரு தனி மணம் ஏறுகிறது. கொழும்பு ஏலத்தில் ‘ஊவாப் பருவம்’ என்றால் தனி மதிப்பு. தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னையில் கட்டிய தொழிற்சாலையிலிருந்து தொடங்கி, இப்பெயர் கப்பலேறிக்கொண்டே இருக்கிறது. கப்பலேறும் பெயரின் பலன் கொழுந்து பறித்தவர்களிடம் எவ்வளவு திரும்பி வந்தது என்பதை, ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக 2021 வரை போராடவேண்டியிருந்த வரலாறே சொல்லும். கிரிக்கெட் அணியின் கதையும் இதே வழியில் சென்றது. தற்செயலாக, போட்டி நடந்த மாதமும் ஊவாப் பருவத்து ஓகஸ்ட்தான்.

இருந்தும் அந்த இளைஞர்கள் 2013க்காகக் காத்திருந்தார்கள். நடப்புச் சம்பியனாயிற்றே, இந்த முறையாவது பதுளைக்குக் கிண்ணத்தைக் கொண்டுவந்து காட்டுவார்கள் என்று நம்பினார்கள். அந்தப் பருவம் வரவே இல்லை. அணி உரிமையாளர்கள் அளிக்கவேண்டிய நிதி உத்தரவாதம் கிடைக்காததால் 2013ஆம் ஆண்டுப் போட்டி கைவிடப்பட்டது. பிறகு லீக்கும் இல்லை, அணியும் இல்லை. விளையாட்டு வரலாற்றில் தோல்வியால் கலைந்த அணிகள் உண்டு. வென்ற கையோடு காணாமற்போன அணிக்கு இரசிகராக இருப்பது எப்படி என்பதை ஊவாக்காரர்களிடம்தான் கேட்கவேண்டும்.

2020இல் லங்கா பிரீமியர் லீக் என்னும் பெயரில் வேறொரு போட்டி தொடங்கியபோது அணிகள் ஐந்தாகக் குறைந்திருந்தன. கொழும்பு, தம்புள்ளை, காலி, யாழ்ப்பாணம், கண்டி. ஊவா இல்லை. யாழ்ப்பாண அணி 2020, 2021, 2022, 2024 என நான்கு தடவைகள் கிண்ணம் வென்றது. அதைவிட முக்கியமானதாக நான் கருதுவது, யாழ். மத்திய கல்லூரி மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த் அந்த அணியில் இடம்பெற்று, 2024இல் ஐ.பி.எல். வரை சென்றதாகும். யாழ்ப்பாணத்திலும் லீக் போட்டி நடக்கவில்லைதான். ஆனால் ஒரு பையனுக்காவது கதவு திறந்தது. பதுளைத் தேநீர்க் கடையில் கேட்கப்பட்ட இரண்டாவது கோரிக்கை நடக்க முடியாத கனவன்று என்பதற்கு அவரே சாட்சி.

தமக்கென அணியில்லாத ஊவா இரசிகர்களுக்கு எஞ்சியிருப்பது தேசிய அணி. மலையகத்தில் இதுவும் எளிய விடயமன்று. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்குமிடையே பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே நாடற்ற நிலையிலிருந்து முற்றாக மீள வழிபெற்ற மக்கள் இவர்கள். 2011 ஏப்ரலில் உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவும் இலங்கையும் மோதியபோது, ஒரே லயத்தில் தாத்தா இந்தியாவுக்கும் பேரன் இலங்கைக்கும் கைதட்டியதைக் கண்டேன். தாத்தா மெதுவாகத்தான் தட்டினார். வெளியே கேட்டுவிடக் கூடாதென்ற பழைய பயம் அது. பேரன் உரக்கக் கத்தினான். தோற்ற பின் அழுதவனும் அவன்தான்.

அந்தப் பேரனின் தலைமுறைக்கு வாய்த்த அணி இலேசில் மகிழ்ச்சி தருவதன்று. 1996இல் லாகூரில் வென்ற உலகக் கிண்ணத்தை அவர்கள் பெற்றோர் சொல்லக் கேட்டவர்கள். தந்தைவழிப் பாட்டனார் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோட்டத் தொழிலுக்கு வந்த குடும்பத்தவரான முரளிதரன், 2010 ஜூலையில் காலியில் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தி டெஸ்ட் போட்டிகளிலிருந்து ஓய்வுபெற்றார். அப்போது அவர்கள் சிறுவர்கள். 2014இல் இருபது ஓவர் உலகக் கிண்ணம் கிடைத்தது. அதன் பின் சரிவு. 2022இல் ஆசியக் கிண்ணத்தை வென்று, 2023 ஜூலையில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றிலும் தோல்வியே காணாமல் வென்றபோது நம்பிக்கை மீண்டும் துளிர்த்தது. செப்டெம்பரில், ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவிடம் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. நவம்பரில் உலகக் கிண்ணத்தில், மும்பையில், அதே இந்தியாவிடம் 55. பத்து அணிகளில் ஒன்பதாம் இடம். 2025 சம்பியன்ஸ் கிண்ணத்துக்குத் தகுதியும் இல்லை. இத்தனைக்கும் பிறகு 2024 ஓகஸ்டில் இந்தியாவுக்கெதிரான ஒருநாள் தொடரை, 1997க்குப் பின் முதன்முறையாக, 2-0 என்று வென்றதும், பெரட்டுக்களத்துப் பேச்சு மறுபடியும் ‘இந்த முறை பாருங்க’ என்று ஆரம்பித்துவிட்டது.

இது அறியாமை என்று நகரத்து நண்பர்கள் சிலர் கேலி செய்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சம்பள உயர்வையும், ஏழு பேர்ச்சஸ் காணியையும், வீட்டையும் ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னர் கேட்டுக்கேட்டுப் பழகிய மக்களுக்கு வாக்குறுதியின் பெறுமதி நன்கு தெரியும். கிரிக்கெட்டில் அவர்கள் வைக்கும் நம்பிக்கை, ஏமாந்தால் அடுப்பு அணையாத ஒரு நம்பிக்கை. அந்த ஆடம்பரத்தையாவது அவர்களுக்கு விட்டுவைக்கலாம்.

ஆனால் பெயருக்குரியவர்களுக்கு ஒரு பங்கு இருக்கவேண்டும் என்ற அவர்களது கேள்வியை விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. பாதுகாப்பான இடத்தில் வீடு கட்டவே நிலமில்லாத மக்களுக்கு மைதானம் ஒரு கேடா என்று எவரும் கேட்கலாம். கேட்பதில் நியாயமும் உண்டு. வீடுதான் முதலில். ஆயினும் புதிய குடியிருப்புகளுக்கு வரைபடம் வரையும்போது ஒரு சமதரையைப் பொதுவில் ஒதுக்குவது பெருஞ்செலவன்று. மலையில் மண் நகரும் இரவில் சனங்கள் கூடி நிற்கவும் ஓர் இடம் வேண்டுமல்லவா?

எதிர்காலத்தில் எவரேனும் ஆறாவது அணியொன்றை வாங்கி அதற்கு ஊவாவின் பெயரைச் சூட்ட முன்வரலாம். அப்போது அவரிடம் கேட்பதற்குப் புதிதாக எதையும் யோசிக்கத் தேவையில்லை. 2012இல் அந்த இளைஞர்கள் கேட்ட மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதினாற் போதும். பதுளையில் ஒரு போட்டி, அது முடியாவிட்டால் ஒரு பயிற்சி ஆட்டமாவது. தோட்டப் பாடசாலைகளில் ஆண்டுதோறும் வீரர் தெரிவு. வாங்கக்கூடிய விலையில் ஒரு சட்டை. இவற்றைக் கொடுத்தபின் அணி கடைசி இடத்துக்கு வந்தாலும், அடுத்த பருவத்துக்கு முந்திய இரண்டு வாரங்களில் பசறை வீதிப் பேருந்துகளில் ‘இந்த முறை நம்ம டீம்தான்’ என்று பேசிக்கொண்டு போவார்கள். அந்தப் பேச்சைக் கேட்க எனக்கும் ஆசைதான்.