வருகிறேன் என்றவர்கள்

சென்ற ஆண்டு பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடியற்காலை ஐந்து மணிக்கு, மன்னார் பஸ் நிலையத்தின் முன்னே வாடகை வான் ஒன்றுடன் நாம் காத்து நின்றோம். நால்வர் வருவதாக ஏற்பாடு. ஒருவர் படத்துக்கு நிற்பவர்; ஒருவர் ஒப்பனை செய்பவர்; ஒருவர் வெளிச்சத்தைத் திருப்புவதற்காக வெள்ளைத் துணி பிடிப்பவர்; நான்காமவர், தாமும் படம் பிடிப்பவரென்றும் எமக்குத் துணையாயிருப்பதாகவும் எழுதியிருந்தவர். ஏழு மணி வரையில் ஒருவரும் வந்தாரில்லை. மன்னார்ப் பட்டினத்தில் உலாவித் திரியும் கழுதைகளுள் இரண்டு மட்டும் வந்து, எம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குப்பைத் தொட்டியின் பக்கமாகச் சென்றன. வான் சாரதி மூன்றாவது தேநீரையும் குடித்து முடித்து, "ஆக்கள் உண்மையா வருவினமோ, சேர்?" என்று கேட்டார். கைத்தொலைபேசியைத் திறந்து பார்த்தோம். முதல்நாள் இரவு நால்வரும் அனுப்பிய செய்தி அப்படியே இருந்தது: "கட்டாயம் வருகிறேன்."

நாம் படப்பிடிப்பைத் தொழிலாகக் கொண்டவரல்லோம். வார நாட்களில் உத்தியோகம், ஓய்வு நாட்களில் கமெரா. அரிப்புக் கடற்கரையிலே இடிந்து நிற்கும் பழைய மாளிகையை வைத்துப் பன்னிரண்டு படங்கள் எடுக்க வேண்டுமென்பது எமது நெடுநாள் ஆசை. ஆங்கிலேயரின் முதலாவது தேசாதிபதியாக வந்த பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக 1801ஆம் ஆண்டுக்கும் 1804ஆம் ஆண்டுக்கும் இடையிலே கட்டுவித்த வீடு அது. ஊராருக்கோ அஃது அல்லிராணிக் கோட்டை. தேசாதிபதியை மறந்துவிட்டு, கதையிலே வாழ்ந்த ஓர் அரசிக்கு அந்த வீட்டைச் சொந்தமாக்கிவிட்ட மக்களின் மனப்போக்கு எமக்கு மிகவும் பிடித்தமானது. கடல் ஆண்டுதோறும் கரையை அரித்துக்கொண்டே வருகின்றது. சுவர்களுட் சில ஏற்கெனவே சரிந்துவிட்டன. அவை முற்றாய் மறையுமுன் அந்த அல்லியை அங்கே நிறுத்திப் பார்த்துவிட வேண்டுமென எண்ணினோம்.

படம் பிடிப்போரும், 'மொடல்' எனப்படும் படத்துக்கு நிற்போரும் ஒருவரையொருவர் தேடிக்கொள்வதற்கென்றே இணையத்தில் இக்காலத்திற் பல கூடங்கள் இருக்கின்றன. ரீ.எவ்.பி. என்றொரு வழக்கமும் அங்கே உண்டு. ஒருவருக்கொருவர் காசு கொடுப்பதில்லை. நிற்பவர் தமது நேரத்தைத் தருவார், பிடிப்பவர் அதற்கீடாகப் படப் பிரதிகளைத் தருவார். பிலிம் இருந்த காலத்தில் காகிதப் பிரதியாகவே கையிற் கொடுத்தார்கள். ஏழைக் கலைஞர் இருவர் கைகோத்துக்கொள்வதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஒன்று இருக்க முடியாது. எழுதி வைத்தவன் நியாயமாகத்தான் எழுதி வைத்திருக்கிறான்.

அத்தகைய கூடமொன்றில் நாம் விளம்பரம் இட்டோம். மூன்று தினங்களுக்குள் நாற்பத்தொரு மறுமொழிகள் வந்தன. எமது மகிழ்ச்சியை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். வாசிக்க வாசிக்க அந்த மகிழ்ச்சி வற்றியது. பாதிப்பேர் "அருமை" என்றும் "வாழ்த்துகள்" என்றும் எழுதிவிட்டு அப்பாற் போய்விட்டனர். சிலர் எம்மைப் பின்தொடர்வோர் எத்தனை ஆயிரம் என்று கேட்டனர். தொகையைச் சொன்னதும் மௌனமாயினர். பெண்ணொருத்தி அனுப்பிய படம் மிகவும் அழகாயிருந்தது. பிறகு பார்த்தால் அது சென்னைச் சினிமா நடிகை ஒருவரின் படம். ஆண்கள் பலர், கமெராவையே தொட்டறியாதவர்கள், உதவிக்கு வருவதாக முன்வந்து, அடுத்த வரியிலேயே "மொடல் யார்? எந்த ஊர்? படம் இருந்தால் அனுப்புங்கள்" என்று வினவினர். இவர்களை நினைத்தால் இப்போதும் எமக்கு அருவருப்பு உண்டாகின்றது. பெண்கள் இத்தகைய கூடங்களிலே சொந்தப் பெயருடன் நடமாட ஏன் அஞ்சுகிறார்கள் என்பதை விளங்கிக்கொள்ள வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

நாற்பத்தொன்றில் ஒரேயொரு கடிதம் வேறு மாதிரியாயிருந்தது. மன்னார்த் தீவின் கரையோரக் கிராமமொன்றிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். கூட யார் யார் வருகிறார்கள்? தன் தாயாரும் உடன் வரலாமா? படங்கள் எப்போது, எவ்விதமாகத் தன் கைக்குக் கிடைக்கும், அவற்றை எங்கெங்கே வெளியிடுவீர்கள்? உங்களைப் பற்றி யாரிடம் விசாரித்து அறியலாம்? இவ்வாறு நான்கு கேள்விகள். தன்னைப் பற்றி விசாரிக்க வேண்டுமாயின் பட்டினத்தில் இன்ன தையற்கடை அம்மாவிடம் கேட்கலாம் என்றும் அடியிற் குறித்திருந்தாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். அக்கடிதம் எமக்கு எரிச்சலைத் தந்தது. படமெடுக்கவா, பொலிசாரின் விசாரணைக்கா நாம் அழைத்தோம் என்று மனத்துக்குள் முணுமுணுத்தோம். மறுமொழி எழுதாமலே விட்டுவிட்டு, ஒரு கேள்வியும் கேளாது "கட்டாயம் வருகிறேன்" என்று உடனே எழுதிய வேறொருத்தியைத் தெரிந்துகொண்டோம்.

வானுக்குக் காசு கொடுத்தாயிற்று. ஆகவே அன்று தனியாகவே அரிப்புக்குப் போனோம். வங்காலை, நானாட்டான் வழியாகப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கடல் தகடு போல் அசையாது கிடந்தது. அரசியில்லாத கோட்டையை நாலு படம் எடுத்துவிட்டு நிழலில் உட்கார்ந்தோம்.

அந்தக் கரையிலே அப்படித் தனியே உட்கார்ந்திருப்பவனுக்குத் துணையைப் பற்றித்தான் நினைவு ஓடும் போலும். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த ரொபேர்ட் நொக்ஸ், 1679ஆம் ஆண்டிலே தப்பி வந்து சேர்ந்தது இதே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத்தான். அவர் தனியே வரவில்லை. ஸ்டீவன் றட்லண்ட் என்ற தோழரும் காட்டாற்றுக் கரை வழியாக உடன் நடந்து வந்தார். முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும் ஒருவன் தனியே இறங்கியதில்லை. கல்லிலே காலை வைத்துக் கயிற்றுடன் ஒருவன் கடலடிக்குப் போவான். அவன் இழுத்துக் குறி காட்டியதும் மேலே தோணியிலிருந்து தூக்கிவிட மற்றொருவன் இருப்பான். மூச்சடக்கிக் கீழே கிடப்பவனுக்கு மேலே நிற்பவனின் அழகோ பேச்சோ பெரிதல்ல.

இணையம் இல்லாத காலத்துப் படப்பிடிப்பாளர் எவ்வாறு ஆள் தேடினர்? ஜூலியா மாகிரெட் கமெரன் அம்மையார் 1875ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து வாழ்ந்தவர். 1877இல் மரியான் நோர்த் என்ற ஓவியக்காரி களுத்துறையிலிருந்த அவருடைய வீட்டுக்கு வந்தபோது, அவ்விருந்தாளிக்குக் கம்பளிச் சால்வைகளைப் போர்த்தி, உச்சிவெயிலிலே தென்னோலைகளுக்கு முன் நிறுத்திப் படம் பிடித்தார். நின்றவர் பிறகு அதைச் சிரித்துச் சிரித்து எழுதியிருக்கிறார், ஆனால் நின்றார். லயனல் வெண்ட் முதலியோர் 1934ஆம் ஆண்டிலே கொழும்பில் படப்பிடிப்புச் சங்கம் அமைத்தனர். சங்கமென்று ஒன்று இருந்தால், வருகிறேன் என்று சொல்லி வராதவர் அடுத்த கூட்டத்தில் மற்றவர்களின் முகத்தில் விழிக்க வேண்டும். எமது நால்வருக்கோ விழிக்க வேண்டிய முகமே இல்லை. அவர்களுள் ஒருவர் எம்மைக் கூடத்திலிருந்தே நீக்கிவிட்டார். மற்றொருவர் இரண்டு நாள் கழித்து, அரிப்பில் எடுத்த கடற் படத்துக்கு "அருமை" என்று எழுதியிருந்தார்!

சித்திரை முழுவதும் மனக்கசப்புடன் கழிந்தது. பின்னர் ஒருநாள், வெட்கத்தை விட்டு, அந்தப் பெண் குறித்திருந்த தையற்கடைக்குப் போனோம். அம்மையார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எம்மைப் பார்த்து, "அந்தப் பிள்ளை எழுதின ஆள் நீங்களோ? ரெண்டு மாதமா ஒருத்தரும் வந்து கேக்கேல்லை" என்றார். அவருடைய துணையுடனேயே அடுத்த ஞாயிறு அந்த வீட்டுக்குப் போனோம்.

பெண் கதவோரமாக நின்றாள். பேசியவர் தாயார். "தம்பி, இவள் உங்களுக்கு நாலு கேள்வி எழுதினவள். நீங்கள் ஒண்டுக்கும் பதில் போடேல்லை. பதில் போடாத ஆளோட பிள்ளையை எப்பிடி அனுப்புறது?" என்றார். முன்பொருமுறை அவர்களின் உறவுப் பெண்ணொருத்தியை யாரோ படமெடுத்துச் சென்றதையும், ஒரு பிரதிகூடத் தராததையும், சில மாதங்களின் பின் அந்த முகம் ஒரு கடையின் விளம்பரத்தில் இருந்ததை ஊரவர் வந்து சொன்னதையும் விவரித்தார். எமக்கு வாய் எழவில்லை.

சுவரில் இளைஞர் ஒருவரின் படம் மாட்டியிருந்தது. மிகச் சிறிய படமொன்றைப் பெருப்பித்ததென்பது பார்த்தவுடனே தெரிந்தது. முகம் கரைந்து, கண்கள் மட்டும் தெளிவாயிருந்தன. நாம் பார்ப்பதைக் கண்டு தாயார் சொன்னார்: "என்ர தம்பி. இடம்பெயரேக்க அல்பம் எல்லாம் போட்டுது. அடையாள அட்டைப் படம் ஒண்டு பள்ளிக்கூடத்தில இருந்து எடுத்தது. அதுதான் இருக்கு. 2009க்குப் பிறகு ஆள் இல்லை." சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "படம் எண்டால் எங்களுக்கு விளையாட்டில்லை, தம்பி" என்றார்.

வடபுலத்துத் தெருவோரங்களில், காணாமற்போனோரின் உறவினர் 2017ஆம் ஆண்டு முதல் படங்களை ஏந்தியவாறு அமர்ந்திருந்ததை நாமும் பஸ் யன்னல் வழியாகப் பலமுறை கண்டிருக்கிறோம். கண்டும், ஒரு படத்தின் பெறுமதியை ஒளியையும் நிழலையும் கொண்டே அளந்து வந்திருக்கிறோம்.

கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து, நான்கு கேள்விகளுக்கும் நான்கு வரிகளில் மறுமொழி எழுதிக் கையொப்பமிட்டோம். இக்கட்டுரையிலே அவர்களின் பெயரோ ஊரோ இல்லாதிருப்பது அத்தாளின் மூன்றாவது வரியின்படியாகும். அவ்வரியின்படியே இதனை அவர்களுக்கு வாசித்துக் காட்டிய பின்னர்தான் பத்திரிகைக்கு அனுப்பினோம்.

வைகாசி நடுவில் அரிப்புக்குப் போனோம். பங்குனியிலே தகடாய்க் கிடந்த கடல் அப்போது இரைந்துகொண்டிருந்தது, சோளகம் தொடங்கிவிட்டது. எமது அலட்சியத்துக்கு நாம் கொடுத்த விலை அது. மணல் பறந்து கண்ணிலும் கமெராவிலும் விழுந்தது. சேலைத் தலைப்பு ஒரு கணம் நிற்கவில்லை. அந்தப் பெண்ணோ, சுவரோரமாக நின்று, ஒரு படத்துக்கும் மறு படத்துக்குமிடையில் கண்ணை மூடிக்கொண்டு காற்றைக் கேட்டாள். காற்றுத் தணியும் கணத்தை எமக்கு முன்பாக அவளே அறிந்து கண்ணைத் திறந்தாள். கடற்கரையிற் பிறந்தவள் அல்லவா? வெள்ளைத் துணியைப் பிடிப்பதற்கு ஆளில்லை. தாயாரே வாங்கிக்கொண்டார். இரண்டரை மணி நேரம் காலை மணலில் ஊன்றி நின்று, நாம் சொன்ன பக்கம் சரித்துச் சரித்துப் பிடித்தார். "கை நோகுதோ, அம்மா?" என்று கேட்டதற்கு, "வலை இழுத்த கை" என்றார்.

ஒரு மாதத்துக்குள் தருவதாக எழுதியிருந்தோம். நான்கு நாள் பிந்தி, காகிதப் பிரதிகளை உறையிலிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பிந்தியதை அவர்களும் அறிவார்கள். சுவரிலிருந்த கலண்டரில் திகதி ஒன்றைச் சுற்றிக் கோடு இட்டிருந்தது. தாயார் கையைத் துடைத்துவிட்டு, கட்டிலின்மேல் ஒவ்வொன்றாகப் பரப்பி எண்ணினார்.

"பதினொண்டு இருக்கு. பன்னிரண்டெண்டு எழுதினீங்கள்."

பன்னிரண்டாவது கெட்டுப்போய்விட்டதென்று விளக்கினோம். காற்றிலே துணி மடங்கித் தாயாரின் முகத்தில் அடித்தது. அவர் அதை விலக்கிக்கொண்டு சிரித்தபடி படத்துக்குள்ளே வந்துவிட்டார். அல்லி ஓரத்தில் மங்கலாகத் தெரிகிறாள். ஆகவே அது சரியான படமன்று என்றோம்.

மகளும் தாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

"நாங்கள் ரெண்டுபேரும் சேந்து நிண்ட படம் வீட்டில ஒண்டும் இல்லை, சேர்" என்றாள் அந்தப் பெண்.

அடுத்த சனிக்கிழமை, அதையும் கொண்டுபோய்க் கொடுத்தோம்.