பிள்ளை ஏன் பின்தங்குகிறது?

கடைத்தெருவிலோ கல்யாண வீட்டுக்குப் போகும் வழியிலோ, "வீட்டுக்குள்ள அவ்வளவு துள்ளுறாய், நடக்க மட்டும் ஏலாதா?" என்று பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துச் செல்லும் தாய்மாரை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சென்ற விடுமுறையில் கோப்பாய்ச் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கி, பழக்கமான ஓர் ஆசிரியையின் வீட்டுக்கு நடந்தோம். நானும் மகளும் ஆறு வயதுப் பேத்தியும். தோட்டங்களுக்கு நடுவே ஒரு மைல்கூட இராது. நல்ல வெயில். பேத்தி மூன்று இடத்தில் குந்திவிட்டாள். "சரியான சோம்பல்" என்றாள் மகள். அவளுக்குச் சொன்ன கணக்கையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரே வேகத்தில் ஒரே தூரம் போனாலும், உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் பிள்ளை செலவிடும் ஒட்சிசன் நம்மைவிட அதிகம். சுவீடன் அறிஞர் ஒஸ்ட்ராண்ட், ஓடும் பிள்ளைகளிடம் இதை அளந்து 1952இலேயே எழுதிவிட்டார். கால் குட்டை, அதே தூரத்துக்கு நம்மைவிட அவர்கள் அதிக அடி வைக்க வேண்டும். சும்மா இருக்கும்போதே சிறிய உடம்பு கிலோவுக்குக் கூடுதலாக எரிக்கிறது. இத்தாலியில் கவாக்னா குழுவினர் 1983இல் இன்னொன்றைக் கண்டார்கள். குறைந்த உழைப்பில் நடக்கக்கூடிய வேகம் இரண்டு வயதில் மணிக்கு 2.8 கிலோமீற்றர்தான். பெரியவர்களின் 5 கிலோமீற்றரை எட்டப் பன்னிரண்டு வயதாகிறது.

தசையில் குறை என்று எண்ண வேண்டாம். யாழ்ப்பாணம் சைக்கிள் ஊரல்லவா? உடம்பின் பாரத்தை ஆசனம் தாங்க, மிதிக்கும்போது பிள்ளையின் தசை ஏறக்குறைய நம்முடையதைப் போலவே சிக்கனமாக வேலை செய்கிறது. வீட்டில் துள்ளுவதும் சிறு சிறு ஓட்டம், உடனே களைப்பாறிவிடுவார்கள். நெடுவழியில், நம் வேகத்தில் இழுக்கும்போதுதான் செலவு கட்டுப்படியாவதில்லை.

இந்த மண்ணில் பிள்ளைகள் அப்படியும் நடந்திருக்கிறார்கள். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களாகிய நாம் புலிகளால் வெளியேற்றப்பட்டோம். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30இல், வலிகாமத்துத் தமிழ் மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தார்கள். அன்று அந்த ஆசிரியையின் மகனுக்கு நாலு வயது. "கொஞ்சத் தூரத்தில அவன் நிண்டிட்டான். அடிச்சும் பாத்தன், அசையேல்லை. பிறகு உடுப்பு மூட்டையை றோட்டில போட்டிட்டு அவனைத் தூக்கினன்" என்றார். தேநீர் ஆறும்வரை மகள் ஒன்றும் பேசவில்லை.

பின்னால் தொழும் குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாய்க்காகத் தொழுகையைச் சுருக்கிக்கொண்டவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஒரு ஜமாஅத்தே குழந்தைக்காக வேகத்தை மாற்றும்போது, தெருவில் நாலு எட்டு மெதுவாக வைப்பது நமக்குப் பெரிய காரியமா?

நோன்பு பழகும் பிள்ளையை வெயிலில் தூரக் கடைக்கு அனுப்பாதீர்கள். அவர்களுக்கு வியர்ப்பதும் குறைவு. உம்ராவுக்குக் கூட்டிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸஃபா மர்வாவுக்கிடையே ஏழு முறை என்பது மொத்தம் ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர். இரண்டு நடைக்கு ஒருமுறை ஓரமாக உட்கார வைத்து ஸம்ஸம் கொடுங்கள். முடியாவிட்டால் தள்ளுவண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.