அவித்த நெல்லும் ஆணவமும்

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் கொடிகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போகும். கள் விற்கும் வாசலில் ஒன்று, துறையில் நிற்கும் நாவாயில் ஒன்று. அவற்றோடு ஆசிரியர்கள் ஏற்றிய கொடியும் பறக்கிறது: எங்களோடு வாதிட விரும்புகிறவர் வரலாம் என்பதற்கு அடையாளம். மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன், சமயவாதிகள் முறையறிந்து பட்டிமண்டபம் ஏறட்டும் என்கிறான். பகைவரோடுகூடக் கோபமும் கலகமும் வேண்டாம் என்று அடுத்த மூச்சிலேயே எச்சரிக்கிறான். எச்சரிக்க வேண்டியிருந்தது என்றால் வாதம் எவ்வளவு சூடாக நடந்திருக்க வேண்டும்! மகத வேந்தன் கரிகாலனுக்கு ஒரு பட்டிமண்டபம் கொடுத்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. 1981இல் தஞ்சாவூரில் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கலையரங்குக்கும் கரிகாற்சோழன் பெயர்தான். பெயர் வைத்தவர்கள் அந்த மண்டபத்தை நினைத்தார்களோ இல்லையோ, பொருத்தம் நன்றாகவே இருக்கிறது.

இன்றும் எங்கள் காவிரி டெல்டாப் பக்கத்தில் கருத்தரங்குக்கென்று ஒரு பருவம் உண்டு. சம்பா அறுவடை முடிந்து, வயலில் உளுந்தும் பயறும் நிற்கும் மாசி, பங்குனி. விவசாயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. நல்கை வாங்கிய துறைகள் மார்ச் 31க்குள் கணக்கை முடித்தாக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஊர்க்காரர்கள் கொஞ்சம் கை ஓய்ந்திருப்பதும் அப்போதுதான். யுனெஸ்கோ உலக மெய்யியல் நாளை நவம்பர் மூன்றாம் வியாழனில் வைத்திருக்கிறது. டெல்டாவில் அது அடைமழைக் காலம். வடிகாலில் தண்ணீர் வடிகிறதா என்று பார்க்க மண்வெட்டியோடு போகிறவர் கான்ட்டைப் பற்றிக் கேட்க வரமாட்டார். நாள் குறித்தவர்கள் பாரிஸில் இருந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

மெய்யியல் கூட்டம் என்றால் மாணவர்களும் பேராசிரியர்களும் மட்டுமே வருவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. இங்கே பின்வரிசையைப் பார்க்க வேண்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஓதுவார், மளிகைக்கடைக்காரர். திருவாவடுதுறை ஆதீனம் நடத்தும் சைவ சித்தாந்தப் பயிற்சி வகுப்புக்கு மாதந்தோறும் தவறாமல் போய்வந்தவர்கள் இவர்களில் உண்டு. மேடையில் இருப்பவர் ஆன்மாவாகிய பசுவுக்கும் அதைக் கட்டும் பாசத்துக்கும் இடம் மாற்றிப் பேசிவிட்டால் பின்வரிசையிலிருந்து ஒரு கனைப்பு வரும்.

இந்த மண்ணின் மெய்யியல் நூல்களே இப்படிக் குறுக்கிட்டு மறுக்கும் முறையில் எழுதப்பட்டவைதாம். சிவஞான சித்தியார் தன் கொள்கையைச் சொல்வதற்கு முன்னால் பிறர் கொள்கைகளை எடுத்துவைத்து மறுக்கப் பரபக்கம் என்று ஒரு பாகத்தையே ஒதுக்குகிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே சிதம்பரத்தில் இருந்த உமாபதி சிவம் 1313இல் எழுதிய சங்கற்ப நிராகரணத்தில், ஒருவர் பேச அடுத்தவர் மறுப்பார். மறுத்தவரை அவருக்கு அடுத்தவர் மறுப்பார். யாருக்கும் பொன்னாடை இல்லை.

இன்றைய வழக்கம் வேறு. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, இரண்டு மூன்று வாழ்த்துரை, அதற்குப் பிறகு சிறப்புரை. பிற்பகலில் ஆளுக்கு ஐந்து நிமிடம் கட்டுரை வாசிப்பு. ஐ.எஸ்.பி.என். எண்ணோடு ஆய்வுக்கோவை காலையிலேயே கைக்கு வந்திருக்கும். சான்றிதழ் மாலையில். நேரம் போதாமல் போனால் முதலில் வெட்டுப்படுவது கேள்வி நேரம். இது எந்த ஒரு நிறுவனத்தின் குறையும் இல்லை, தமிழ்நாடு முழுக்க இப்படித்தான். இயற்பியலில் இப்படி வெட்டினால் நஷ்டம் குறைவு என்று நினைக்கிறேன். சோதனைக்கூடம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மெய்யியலுக்குச் சோதனைக்கூடம் எதிரில் உட்கார்ந்திருப்பவர்தான்.

கேம்பிரிட்ஜில் மாரல் சயின்சஸ் கிளப் என்ற மெய்யியல் மன்றம் 1912 நவம்பரில் ஒரு விதி செய்தது: வாசிக்கும் கட்டுரை பொதுவாக ஏழு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, மிச்ச நேரம் விவாதத்துக்கு. அதே மாதம் விட்கென்ஸ்டைன் அங்கே ‘மெய்யியல் என்றால் என்ன’ என்ற கட்டுரையைச் சுமார் நான்கே நிமிடத்தில் வாசித்து முடித்தார். நம் ஊரில் மேடையில் இருப்பவர்களை விளிப்பதற்கே அந்த நேரம் போய்விடும்.

கேட்பவருக்கும் ஒரு முறை உண்டு. கேள்வி என்று எழுந்து இருபது நிமிடம் தன் சரித்திரம் சொல்பவர் எல்லாக் கூட்டத்திலும் இருக்கிறார். அவருக்கு மணிமேகலையைக் காட்ட வேண்டும். வஞ்சி நகரில் ஆண் துறவி வேடத்தில் அவள் பல சமயத்தார் பேச்சையும் வரிசையாகக் கேட்கிறாள். கடைசியாகப் பூதவாதி, கண்ணால் கண்டதை மட்டுமே நம்புவேன் என்கிறான். அவள் சிரித்துக்கொண்டு, உன் தாய் தந்தையரை நீ எப்படி அறிந்தாய் என்கிறாள். அத்தனை கேட்டும் நீட்டி முழக்கவில்லை; கேட்டது ஒரு மூச்சில் முடிகிற கேள்வி.

அந்த ரகக் கேள்வி ஒன்றை ஒருவர் எழுப்ப நானும் காதால் கேட்டிருக்கிறேன். டெல்டாவின் ஒரு கல்லூரியில் சித்தாந்தக் கருத்தரங்கு. முத்தியில் ஆணவ மலம் அழிவதில்லை, அதன் சக்தி மட்டுமே அடங்குகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார் பேச்சாளர். ஆன்மாவை மறைக்கும் ஆணவம் உள்ளிட்ட மும்மலத்துக்கு நெல்லின் முளை, தவிடு, உமியைச் சித்தியார் உவமையாக்குவதையும் சொன்னார். பின்வரிசையில் துண்டைத் தோளில் போட்ட ஒருவர் எழுந்தார்.

“அய்யா, நெல்ல ஊறவச்சு அவிச்சா உமியும் போவல, தவிடும் போவல. ஆனா வெதச்சா முளைக்காது. முத்தியில மலம் இருக்கறது அப்புடித்தானுங்களா?”

பேச்சாளர் முகம் மலர்ந்துவிட்டது. வறுத்த விதை முளைக்காது என்பது சாத்திரத்தில் பழைய உவமை. வறுத்தாலோ நெல் பொரிந்து உமி கழன்றுவிடும். மலம் கூடவே கிடக்கிறது என்று காட்ட அவித்த நெல்தான் சரி என்று அவரே ஒத்துக்கொண்டார். கேட்டவர் உட்காரவில்லை.

“அவிச்ச நெல்லு அரிசியாகி ஒலைக்குத்தான் போவும். முத்தி அடஞ்ச ஆன்மா யாருக்குங்கய்யா சோறு?”

அரங்கம் சிரித்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்து நன்றியுரைக்கு ஆளைக் கூப்பிட்டார்.

நல்லவேளையாக வாசலில் டீக்கடை இருந்தது. பேச்சாளர் கேள்வி கேட்டவரைத் தேடிப் பிடித்தார். சித்தாந்தத்தில் ஆன்மா யாருக்கும் உணவாவதில்லை, சிவானந்தத்தை நுகர்வதே ஆன்மாதான், ஆகவே அந்த இடத்தில் உவமை நின்றுவிடும், எந்த உவமையும் முழுக்க ஒக்காது என்று பொறுமையாகச் சொன்னார். துண்டுக்காரர் கேட்டுக்கொண்டு டீயைக் குடித்து முடித்தார்.

“ஒவமைய எடுத்தது நீங்க. பாதி வழியில எறக்கி வுட்டா எப்புடிங்கய்யா?”

பேச்சாளர் இன்னும் இரண்டு டீ சொன்னார்.