மண் திருப்பித் தந்த தையல்

வேம்பு இலை உதிர்க்கத் தொடங்கிவிட்டால், திருப்பூர் வட்டாரத்து இல்லங்களில் துடைப்பத்திற்கு ஓய்வில்லை. மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலம் என்று முன்னோர் வகுத்தனர். விடியலில் இலேசான குளிர். உச்சிப் பொழுதில் சுள்ளென்ற வெயில். மாசிப் பட்டத்தில் வெண்டையும் கொத்தவரையும் ஊன்ற வேண்டுமானால், அதற்கு முன் புழக்கடையைத் துப்புரவு செய்தாக வேண்டும்.

இவ்வாண்டு எங்கள் இல்லத்தில் அவ்வேலை ஒரு விவாதத்தோடு தொடங்கிற்று. புழக்கடை முழுவதும் சிமெண்டுத் தளமிட்டு, தகரக் கொட்டகை போட்டு, நான்கு தையல் இயந்திரங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்பது மகனின் எண்ணம். பனியன் தொழிலால் உண்டு உடுத்தி வளர்ந்த குடும்பம் எங்களுடையது. ஆகவே அந்த எண்ணத்தை எளிதில் தள்ளிவிட இயலவில்லை. “எப்படியும் முதலில் குப்பையை அள்ளுவோம்” என்று அனைவரும் இறங்கினோம்.

குப்பைக்குள் எத்தனை வியப்புகள்! காணாமற்போன கரண்டி ஒன்று கிடைத்தது. மகன் சிறுவனாயிருந்தபோது தொலைத்த கோலிக்குண்டு கிடைத்தது. கொய்யா மரத்தில் இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்த பழங்கூடு ஒன்று தொங்கியது. தையல்சிட்டின் கைவண்ணம் அது. பெண் சிட்டு அலகினால் இலையோரத்தில் துளையிட்டு, நாரையோ பஞ்சையோ கோத்துத் தைக்கும். எங்கள் தெருச் சிட்டோ பனியன் கம்பெனிப் பஞ்சையே எடுத்துத் தைத்திருந்தது. ஊரின் தொழிலை அதுவும் கற்றுக்கொண்டது போலும்!

எருக்குழியைக் கிளறியபோதுதான் பெரிய வியப்பு காத்திருந்தது. ஐப்பசி மழையின்போது குப்பையோடு சேர்ந்துவிட்ட பழைய பருத்திப் பனியன் ஒன்று வெளிவந்தது. பனியன் என்று சொல்வதற்கும் இல்லை. துணி முழுவதும் மறைந்து, கழுத்தையும் கைவளையத்தையும் சுற்றி ஓடிய தையல் மட்டும் வளையம் வளையமாய் நின்றது. அதில் ஒட்டியிருந்த லேபிளில் ‘85’ என்னும் அளவுகூட அழியவில்லை.

“இதென்ன அம்மாயி, பனியனோட எலும்பா?” என்று கேட்டாள் பேத்தி.

“துணிய மண்ணு தின்னு போட்டுது கண்ணு, நூலு அதுக்குச் செரிக்கல” என்றார் முதியவர்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. பருத்தி, செடி தந்த பொருள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் அதை உண்டு மண்ணாக்கிவிடும். தைத்த நூலும் லேபிளும் பாலியெஸ்டர். அவற்றை உண்ண மண் அறியாது. 2021ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் இதையே ஒரு சோதனையாக நடத்தினர். அந்நாட்டு அரசின் அக்ரோஸ்கோப் வேளாண் ஆய்வு நிறுவனமும் சூரிக் பல்கலைக்கழகமும் இணைந்து, மக்களிடம் வெள்ளைப் பருத்தி உள்ளாடைகளை அனுப்பி, நிலத்தில் புதைத்துப் பின்னர் தோண்டி எடுக்கச் செய்தன. துணி எவ்வளவு சிதைந்ததோ, மண்ணில் அவ்வளவு உயிரோட்டம் உண்டென்பது கணக்கு. உள்ளாடைக்குப் பெயர்பெற்ற ஊரில் அந்தச் சோதனை கேளாமலே நடந்தேறியிருக்கிறது!

நம் ஊருக்கு இது சிறு செய்தியன்று. பருத்தித் துணிக்குச் சாயமேற்ற உப்பு மிகுதியாக வேண்டும். அந்த உப்பும் சாயமும் கலந்த கழிவுநீர் நொய்யலில் பாய்ந்து, கரையோரக் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்த வரலாற்றை நாம் அறிவோம். ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக, 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட ஆணையிட்டது. அந்நாள்களில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரியவில்லை. நிலம் கெட்டாலும் துன்பம், தொழில் நின்றாலும் துன்பம் என்பதை இவ்வூர் இரு புறமும் பட்டறிந்திருக்கிறது.

மறைந்துபோன ஒரு பனியன், மண்ணில் நஞ்சே இல்லையென்று உறுதி கூறிவிடாது. ஆனால் அங்கே உயிர் இன்னும் உழைக்கிறது என்று கூறும். சிமெண்டுத் தளத்தின் கீழ் அந்த உயிருக்குக் காற்றுமில்லை, நீருமில்லை, இலைச்சருகும் இல்லை.

புழக்கடை உள்ள குடும்பத்தினர் வேப்பஞ்சருகை எரித்துப் புகையாக்காமல் எருக்குழியில் இடலாம். பருத்தித் துணுக்குகளை மண்ணுக்குக் கொடுக்கலாம். எலாஸ்டிக்கையும் பாலியெஸ்டரையும் பிரித்து வைக்கலாம். கையில் எடுத்துப் பார்த்தாலே வேறுபாடு அறிவது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெரிய காரியமா?

கொட்டகைப் பேச்சு எங்கள் இல்லத்தில் இன்னும் முடியவில்லை. மகனின் வருமானக் கணக்கும் பொய்யன்று. சுவரோரப் பாதியை அவன் அளந்து வைத்திருக்கிறான். எருக்குழியை ஒட்டிய மறுபாதியில் அம்மாயியும் பேத்தியும் கொத்தவரை ஊன்றிவிட்டனர்.